இரண்டாம் பம்பு

சச்சிதானந்தனுக்கு அன்று பரீட்சை. ஐம்பத்தெட்டு வயதில் என்ன பரீட்சை என்று கேட்டால், அவருக்கு வேறு வழியில்லை. ஆஸ்திரேலியாவில் அணுமின் நிலையம் கிடையாது. வெளிநாட்டு நிலையங்களுக்கு ஆட்களைப் பழக்கி அனுப்பும் சிட்னி நிறுவனம் ஒன்றில் அவர் குழுத் தலைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாதிரிக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். போனமுறை மயிரிழையில் தப்பினார். இம்முறை கோட்டை விட்டால் வேலை போய்விடும்.

அவரோடு உட்காரப்போகிறவள் சுஜீவா. அவளுக்கு இது முதல் பரீட்சை. கோயிலில் கண்டு பழகிய பிள்ளை, வாய்க்கு வாய் அங்கிள் என்பவள். வென்ற்வேர்த்வில்லில் அவள் வீட்டு வாசலில் அவளைக் காரில் ஏற்றும்போதே அவர் சொல்லிவைத்தார்.

"பிள்ளை, உள்ளுக்கை நான் சொல்லுறதை மறுத்துக் கதைக்காதை. வெள்ளைக்காரன் பாத்துக்கொண்டிருப்பான். எனக்கு மானக்கேடு."

"ஓம் அங்கிள்," என்றாள். வேறென்ன சொல்வாள்?

பரீட்சை தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில், அணு உலை நின்றுவிட்டதாகத் திரைகள் காட்டின. உலை நின்றாலும் அதன் சூடு உடனே அடங்காது. அந்தச் சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடாதபடி அழுத்தத்தைக் குறையவிடாமல் காக்க வேண்டும். கொதிக்கிற குக்கரின் வெயிட்டைச் சட்டென்று தூக்கினால் என்ன ஆகுமென்று சமைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அழுத்தம் இறங்கத் தொடங்கியது. அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டாம் பம்பு தானாகவே ஓடி உலைக்குள் தண்ணீரைத் தள்ளியது. உலையின் அழுத்தத்தைச் சமன்செய்யும் தொட்டியில் நீர்மட்டமோ ஏறிக்கொண்டே போனது. சச்சிதானந்தனின் கண் அந்த மட்டத்திலேயே ஒட்டிக்கொண்டது. தொட்டி நிரம்பிவிடப் போகிறது என்ற ஒரே பயம். போனமுறை அவரைத் தடுமாற வைத்ததும் இதே தொட்டிதான்.

இரண்டாம் பம்பை நிறுத்தச் சொன்னார்.

சுஜீவாவின் விரல் அழுத்தமானியின் பக்கம் போய் ஒரு விநாடி நின்றது. அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதை அவர் கண்டார். கண்டும் என்னவென்று கேட்கவில்லை. அந்த அறையில் ஒரு விதி உண்டு. கட்டளையைக் கேட்டவர் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் கை வைக்கலாம். அவள் திருப்பிச் சொன்னாள். அவர் சரி என்றார். பம்பு நின்றது.

சற்று நேரத்தில் அறை முழுக்கச் சிவப்பு விளக்குகள். தொட்டியின் மேல் வால்வு ஒன்று மூடாமல் சிக்கியிருந்தது. அதன் வழியே அழுத்தம் போய்க்கொண்டிருந்ததால்தான் தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. உலையின் நடுவிலோ வற்றிக்கொண்டிருந்தது. மாதிரி உலைதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் உண்மையான உலையாக இருந்தால் உருகத் தொடங்கியிருக்கும்.

பரீட்சையை நடத்திய வெள்ளைக்காரத் தேர்வாளர் திரைகளை நிறுத்திவிட்டு முதலில் சுஜீவாவிடம்தான் கேட்டார், அழுத்தம் இறங்குவதைக் கவனிக்கவில்லையா என்று. கவனிக்கவில்லை என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. தேர்வாளர் அவளுடைய தாளில் எழுதத் தொடங்கினார்.

பச்சைப் பொய். தன் பரீட்சையைக் கொடுத்து அவருடைய மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். பேசாமல் இருந்தால் பழியில் பாதி அவளோடு போய்விடும், அவர் தப்பவும் கூடும். அந்த நினைப்பு வரத்தான் செய்தது. வந்த மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. "அவள் கண்டாள். வாயைத் திறக்காதே என்று காலையில் நான்தான் சொல்லிக் கூட்டிவந்தேன்," என்று தேர்வாளரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

தேர்வாளரின் பேனா நின்றது.

சுஜீவா அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"இல்லை அங்கிள். நீங்கள் சொன்னாலும் நான் வாய் திறந்திருக்க வேணும். நீங்கள் சொன்னது பிழை."

அவள் என்ன சொன்னாள் என்று தேர்வாளர் கேட்டார். சச்சிதானந்தன் ஒரு சொல்லும் விடாமல், அந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்து, ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"சரி," என்றாள் சுஜீவா.