கூரை எழும்பும் வேன்

மகேந்திரன் வாங்கிய பழைய வேனுக்குக் கூரை எழும்பும். உள்ளே நின்று இரண்டு கைகளாலும் தள்ளினால் போதும், மொத்தக் கூரையும் மேலே போய், சுற்றிலும் துணிச்சுவர் விரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் வார நாள்களில் அங்கேயே வாடகை அறையில் தங்கினார். சனி, ஞாயிறுதான் சிலிபினில் இருந்த சொந்த வீட்டுக்கு வருவார். அறையில் புத்தகங்கள் இருந்தன. பேசுவதற்கு யாரும் இல்லை, பேசவேண்டிய தேவையும் இல்லை. ஓய்வு பெற்று வந்த பிறகும் அவர் அந்த அறைக்குள்ளேயே இருப்பதாகத்தான் அவர் மனைவி புஷ்பலதாவுக்குத் தோன்றியது. அந்த நிலையில் ஒருநாள் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

“நாடு பூரா சுத்தலாம்” என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

புஷ்பலதாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் மாஸ்க் போட்டு, காற்றைத் தள்ளும் மிஷினோடுதான் அவள் தூங்கவேண்டும். ஓர் இரவு தவறினாலும் மறுநாள் தலை வெடிக்கும், நடந்தால் தள்ளாடும்.

“ராத்திரி பூரா என் மிஷின் ஓடணும். ஓடுச்சுன்னா வாரேன். பாதியில நின்னுச்சுன்னா நீங்களே போயிட்டு வாங்க” என்றாள்.

தனியாகப் போவதற்கு அவருக்கு வேன் தேவையில்லை. தனியாக இருந்தது போதும் என்றுதான் வாங்கினார். ஆனால் அதை அவர் சொல்லவில்லை.

முதலில் அலுமினியச் சட்டம் போட்ட சோலார் பேனல்கள் இரண்டைக் கூரையில் முடுக்கினார். கூரை எழும்பியது, கொஞ்ச நேரத்தில் பாரம் தாங்காமல் மெல்லக் கீழே இறங்கி வந்தது.

“கூரைக்கும் ரிட்டையர் வயசு வந்துருச்சு போல லா” என்று புஷ்பலதா சிரித்தாள்.

அவற்றைக் கழற்றிவிட்டு, வளையக்கூடிய மெல்லிய பேனல்களை வாங்கிப் பசை போட்டு ஒட்டினார். கூரை நின்றது. அப்போதுதான் அவள் பூஜையைப் பற்றிப் பேசினாள். அவள் பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில். அங்கே புது ஆள் வந்தால் வரவேற்க மறப்பார்கள். புது வண்டி வந்தால் பூஜை போட மறக்கமாட்டார்கள்.

“பழைய வண்டிக்கு என்ன பூஜை?” என்றார் மகேந்திரன்.

“என் மிஷின் ஓடவேணாமா? எஞ்சினுக்கு ஒரு பொட்டாவது வைக்கணும்ல.”

“எஞ்சினுக்கும் ஒன் மிஷினுக்கும் சம்பந்தமே இல்ல. அத ஓட்டப்போறது மேல ஒட்டியிருக்கிற தகடு.”

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சோதனைக்காக வீட்டு வாசலிலேயே வேனுக்குள் படுத்தாள். விடிவதற்குள் மிஷின் நின்றுவிட்டது. காலையில் நெற்றியைப் பிடித்தபடி இறங்கி வந்து, அவரைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போனாள். அவர் ஒயர்களைப் பார்த்தார். பியூசை மாற்றினார். பேட்டரிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் சின்னப் பெட்டியின் முன்னால் நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தார். எண் ஏறவே இல்லை. அந்த வாரக் கடைசியில் மறுபடியும் படுத்துப் பார்த்தாள். மறுபடியும் நின்றது.

“பரவால்ல” என்றாள் இந்த முறை. அந்தச் சொல் அவரை மிகவும் தொந்தரவு செய்தது. அவளுக்கு வர விருப்பமில்லை, அதனால்தான் பரவாயில்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். யாரிடமும் கேட்காமல் தனக்குள்ளேயே அதை உருட்டி உருட்டி, கடைசியில் சாப்பாட்டுக்கடை ஷாஃபியிடம் போய் வேனை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டார். காலையில் நாசி லெமாக் சோறு விற்க ஷாஃபி ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாளே அவன் வந்தான். எழும்பியே இருந்த கூரையை மகேந்திரன் இறக்கிக் காட்ட, ஷாஃபி ஏணியைச் சாத்தி ஏறினான்.

“அண்ணே! மேல கல்யாணமே நடந்திருக்கு லா!”

அவன் இறங்கியதும் மகேந்திரனும் ஏறிப் பார்த்தார். தடித்த சாமந்தி மாலை ஒன்று, ஒரு பக்கக் கம்பியிலிருந்து மறு பக்கக் கம்பி வரைக்கும் கட்டப்பட்டு, இரண்டு பேனல்களின் குறுக்கேயும் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு பேனலிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“நான்தான் போட்டேன்” என்றாள் புஷ்பலதா. எப்போது வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. “மொதத் தடவ படுத்துப் பாக்கிறதுக்கு முந்தின நாளு, நீங்க கடைக்குப் போனப்ப ஏறுனேன். எங்க தோட்டத்துல ரப்பர்ப் பால் ஏத்துற லோரிக்கு மட்டுமா மாலை போட்டாங்க? பால நிறுக்கிற தராசுக்கும் சந்தனம் வச்சாங்க. எது வேல செய்யுதோ அதுக்குத்தான் வைக்கணும். தகடுதான் ஓட்டுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வெயில மறைச்சுட்டியே.”

“ஒரு மாலை எவ்ளோ வெயில மறைக்கும்?”

“ஒரு கட்டம் மறைஞ்சாலும் மொத்த வரிசையும் படுத்துரும்.”

“அத யாரு எங்கிட்ட சொன்னா?”

மகேந்திரன் காய்ந்த பூ ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். ஷாஃபி தொண்டையைச் செருமினான். “வண்டி ரோசாக் ஆகல, கெட்டுப்போகலன்னா இன்னும் நல்லதுதான். எப்ப எடுத்துக்கலாம்ணே?”

புஷ்பலதா அவனைப் பார்த்தாள், பிறகு கணவரை.

“அக்காவுக்குத் தெரியாதா?” என்றான் ஷாஃபி.

“அதயும் யாரு எங்கிட்ட சொன்னா?”

எதிர்வீட்டுக் கோழி ஒன்று வேனுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. ஷாஃபி சாவியைத் தேடுவதுபோலப் பையைத் தடவினான். மகேந்திரன் கீழே இறங்கினார். கடைசிப் படியில் காலை வைத்தபோது, “நான் இத தனியாப் போறதுக்கு வாங்கல” என்றார். “நீ வரமாட்டேன்னு நெனச்சேன். அதான் விக்கப் பாத்தேன்.”

“இத வாயத் தொறந்து சொன்னா என்ன, பேட்டரி எறங்கிருமா?”

ஷாஃபி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாளைக்குப் போன் செய்வதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

அவர் மாலையை அவிழ்த்துக் கீழே கொடுத்தார். அவள் அதைக் குப்பையில் போடாமல் செம்பருத்திச் செடியின் அடியில் வைத்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து வந்து நீட்டினாள். சந்தனம் லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகக் கரைந்து அவர் முழங்கை வரை வழிந்தது. ஏணியை அவள்தான் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில், எந்தக் கட்டம் எதோடு சேர்ந்திருக்கிறது, நிழல் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கிக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பாதி புரியவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

மத்தியானம் பெட்டியில் எண் ஏறியது. சாயங்காலம் அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் போனாள்.

“இந்தத் தடவையும் நின்னா?” என்றார்.

“நின்னா ஷாஃபியே எடுத்துக்கட்டும்.”

மறுநாள் காலை கோயில் ஒலிபெருக்கி பாடி ஓய்ந்திருந்தது. பள்ளிக்கூட வேன் வந்து போயிருந்தது. மகேந்திரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கைப்பேசி அடித்தது. சட்டென்று எடுத்துக்கொண்டு வாசல் கேட் பக்கம் போனார்.

“அண்ணே, வண்டி எனக்கா ஒங்களுக்கா? ஒரு முடிவ சொல்லுங்க” என்றான் ஷாஃபி.

“மெதுவாப் பேசு” என்றார் மகேந்திரன். “உள்ள ஆளு தூங்குது.”