வீட்டுக்கே வந்த டி.வி. கேம்

மாமியார் கொடுமை என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. குப்பம்மா தன் மருமகளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். சுபஸ்ரீ பி.காம். படித்தவள், திருப்பாலைவனத்திலிருந்து ஏரியைத் தாண்டி இந்தக் குப்பத்துக்கு வாழ வந்தவள். "எம் மருமவ மீன் கூடை தூக்க மாட்டா, கரையில வெயில்ல நிக்க மாட்டா" என்று குப்பம்மா ஊரெல்லாம் பெருமை பேசி வைத்திருந்தாள். தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மளிகையை மாமியாரே வாங்கி வந்துவிடுவாள். ஆக, சுபஸ்ரீ வெளியே போவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. வந்து மாதங்கள் ஆகியும் இந்தத் தெருவின் கடைசி வீடு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது.

தெருக்கோடியில், ஏரியைப் பார்த்தபடி ஊர் ஹால் இருந்தது. அதன் படியில் நின்றால் அக்கரையில் பஸ் வந்து திரும்புவது தெரியுமாம். கணவன் தேவேந்திரன் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அந்தப் படியில் ஒரு முறை நின்றுவிட்டு வர வேண்டும் என்பது அவளுக்குள் நோய் மாதிரி வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் ஹாலுக்கு டி.வி. கேம் வந்தது. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பையன் இளங்கோவன் போனில் ஆர்டர் போட்டு வரவழைத்தான். அந்தக் காலத்து விளையாட்டுகளையே புது டப்பாவில் அடைத்து மறுபடி விற்கிறார்கள். கேசட்டை ஊதிச் செருக வேண்டாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது. வந்த அன்றே ஆம்பளைகள் ரிமோட்டுக்குச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் தாமோதரன் வந்து, ஏரிக்கு இருக்கிற சட்டமே இதற்கும் என்று தீர்த்து வைத்தார். ஏரியில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆம்பளைக்குத்தான் பாடு. கேமுக்கும் அப்படியே. கல்யாணமாகாத பையன்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

தேவேந்திரனுக்கு விழுந்தது வெள்ளிக்கிழமை. ஏரியில் அவன் பாடும் அன்றைக்கே.

"போச்சு. எறாலா, கேமான்னு கேட்டா எறாலுதான்" என்று சோற்றைப் பிசைந்தான்.

சுபஸ்ரீ அதைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, போன மாசம் ஒருத்தர் காய்ச்சல்ல படுத்துட்டாருன்னு அவர் மச்சான் போய் வலை கட்டலையா? பாடு வீட்டுக்குத்தானே சொந்தம்? கேமுக்கு நான் போறேன்."

"நீயா? உனுக்கு இன்னா தெரியும்?"

"எங்க நைனா கடையில மணிக்கணக்குல இதைத்தான் வாடகைக்கு விட்டாரு. டாங்க் கேம்ல என்னை ஜெயிச்சவன் திருப்பாலைவனத்துல கிடையாது."

அவன் சிரித்துவிட்டான். ஆனால் ஹாலில் போய்க் கேட்கத் தவறவில்லை. அங்கே பெரிய பஞ்சாயத்தே நடந்ததாம். 'பொம்பள ஆடுனா நாங்க வலை பின்னவா?' என்று ஒருவர் கேலி செய்ய, 'உன் வூட்ல அதானேடா நடக்குது' என்று இன்னொருவர் வாயை அடைத்தாராம். கடைசியில் தாமோதரன், பொண்ணு கேட்டது நியாயம் என்றுவிட்டாராம். இதைக் கேட்டதும் சுபஸ்ரீ நீலப் புடவையை எடுத்து மடிப்புக் கலைத்துக் கொடியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் புடவையில் தயாராக நின்றவள் முன்னால் இளங்கோவன் வந்து நின்றான். கையில் டப்பா, தோளில் வயர்.

"அண்ணி, நீங்க ஆம்பளைங்க நடுவுல வந்து கஷ்டப்பட வேணாம்னு தலைவர் சொல்லிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் உங்க வூட்லயே இருக்கட்டும்."

"நல்ல மனுசன்யா!" என்று குப்பம்மா டி.வி.யைத் துடைக்க ஓடினாள்.

சுபஸ்ரீக்கு அழக்கூட வழியில்லை. யாரைக் குற்றம் சொல்வது? எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். பாயில் உட்கார்ந்தாள். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. திரையில் அவளுடைய டாங்க் திரும்பிய பக்கமெல்லாம் செங்கல் சுவர். சுட்டுச் சுட்டு வழி உண்டாக்கிக்கொண்டு போனாள். ஜன்னலில் தலைகள் அடைத்து, இருந்த காற்றும் நின்றது.

"சுடு கண்ணு! வர்றான் பாரு எடுபட்டவன்!" குப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து கத்தினாள். நடுநடுவே மோர் கொடுத்தாள். "பாத்தியா, வெளிய போயி சீரழியாம எல்லாம் வூட்டுக்கே வந்துடுச்சு."

வெயில் இறங்கியதும் சுபஸ்ரீ தானே வயரைச் சுருட்டினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரு வேலைதானே?

"குடுங்க அண்ணி, உங்களுக்கு இன்னாத்துக்குச் சிரமம்?" எதிரே ஓடிவந்த இளங்கோவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கை வெறுமையாகப் போனது. அதே நேரம் தேவேந்திரன் இறால் கூடையோடு வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றான். ஈர லுங்கி. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா, ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன். கொஞ்சம் தள்ளுங்க. ஹால் வரைக்கும் போயிட்டு வரேன்."

"கேமுதான் போயிடுச்சே. அங்க இன்னா வேலை?"

ஒரு காரணம் வேண்டும் என்று இத்தனை நாளாக எத்தனை ஜோடித்தாள்!

"ஒரு வேலையும் இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?" உள்ளேயிருந்து குப்பம்மா. அவள் குரலில் கோபமில்லை. புரியாத பயம்தான் இருந்தது. "இன்னா கொறை வச்சேன் உனுக்கு?"

"ஒரு குறையும் இல்ல அத்தே" என்றாள் சுபஸ்ரீ. கண்கள் கணவன் முகத்தை விட்டு நகரவில்லை. "தள்ளுங்களேன். எனக்கு மூச்சு முட்டுது."

தேவேந்திரன் சிரிப்பை நிறுத்தினான். அம்மாவைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினான்.

மணல் இன்னும் சுட்டது. பத்தடி போவதற்குள் பின்னால் குரல் வந்தது. "இரு கண்ணு, தனியாவா போவ? தோ, நானும் வரேன்!"

சுபஸ்ரீ நிற்கவில்லை. ஓடவுமில்லை. தெரு நீண்டுகொண்டே போயிற்று. மாமியாரின் செருப்புச் சத்தம் பின்னால் நெருங்கிக்கொண்டே வந்தது.