மாதாவின் இடப்பக்கம்

என் புருஷன் பாஸ்கலுக்கு ஆவடி டாங்கி ஃபேக்டரியில் பெயின்ட் அடிக்கிற வேலை. டாங்கிக்கு ஒரே பச்சைதான். கைக்கு இருந்த பசியையெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் கோயிலில் தீர்த்துக்கொண்டார். எண்பத்தேழு திருவிழாவுக்கு, மாதா சுரூபத்தின் பின்சுவரில் திராட்சைக்கொடி, இரண்டு பக்கமும் கிளிகள், காலடியில் தாமரை என்று பசையில் குழைத்த பொடிவண்ணத்தில் வரைந்தார். ஷிப்ட் முடிந்தால் நேரே அங்கேதான். சோற்றையும் நான்தான் அங்கே தூக்கிக்கொண்டு போனேன்.

வந்தது வினை. பக்கத்து வீட்டுப் பார்வதம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதென்று வந்து, அந்தத் தாமரைக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அது கமிட்டித் தலைவர் ஜெயபால் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"இன்னா பாஸ்கல், இது மாதா கோயிலா, மாரியாத்தா கோயிலா? ஞாயித்துக்கெழம பிஷப்பு வர்றாரு. நீயே சுண்ணாம்பு அட்ச்சுடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வரைஞ்ச கையாலயே அழிக்கணுமா? மனசாட்சின்னு ஒண்ணு கீதா அண்ணே உங்களுக்கு?"

"நீ சும்மா கெட மேரி," என்றார் இவர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏணி போட்டார். ஜெயபால் கீழே பிடித்துக்கொண்டார். முதல் பட்டை கிளியின் மேல் விழுந்தது. பாவி மனுஷன், ஒரு இலை விடாமல் அடித்தார். இடப்பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது.

அப்போதுதான் ஜெயபாலின் மனைவி சகாயம்மாள், மாதாவுக்குச் சாத்தப் புதுப்புடவையும் கதம்பமும் எடுத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு செத்துட்டாங்கன்னு மாதாவ இப்டி மூளியா நிக்க வச்சுகீறீங்க?"

ஜெயபாலுக்கு முகம் செத்துப்போயிற்று. கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிற மனுஷனுக்கு அது அபசகுனமாகப் பட்டுவிட்டது. பாஸ்கலை இறங்கச் சொல்லி, ஈரத்துணியோடு தானே ஏறி வெள்ளையைத் துடைத்தார். சுண்ணாம்போடு கிளியின் பச்சையும் கரைந்து அவர் முழங்கையில் வழிந்தது. பயத்தில் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"தேய்க்காத அண்ணாத்தே," என்றார் பாஸ்கல். "அங்க ஒண்ணும் இல்ல."

மறுநாள் பிஷப் வந்தார். வெறுஞ்சுவரை மறைத்துச் சகாயம்மாள் பூச்சரம் தொங்கவிட்டிருந்தார். அலங்காரம் நன்றாக இருப்பதாகப் பிஷப் ஜெயபாலிடம் சொன்னார். அந்தப் பாராட்டை ஜெயபால் தனக்கே என்று கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

பூசையில் மணி அடித்ததும் கோயிலே முழங்காலிட்டது, என் புருஷனும்தான். நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன்.