கேட்காத மருந்து

கோழித் தீவனம் கலக்கும்போது ஒரு குத்து ஆன்டிபயாடிக் பவுடரையும் சேர்த்துப் போட்டுவிடுவது மாதேஸ்வரனின் வழக்கம். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அவருக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கோழிக்குச் சீக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதெல்லாம் கிடையாது. “வாரதுக்கு முன்னாடியே அடிச்சுப்போடோணும்” என்பார், ஏதோ எதிரிப் படையை விரட்டுகிறவர் மாதிரி. அந்தப் பவுடர் மேல் இருந்த நம்பிக்கை அவருக்குக் குலதெய்வத்தின் மேல் இருந்ததா என்பதே சந்தேகம்தான்.

அன்று காலையும் கலந்துகொண்டிருந்தார். மகள் அறிவுமதி ராசிபுரத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பஸ்ஸுக்குக் கிளம்பியவள் ஷெட்டு வாசலில் நின்று சிரித்தாள்.

“ஏனுங்கப்பா, நீங்க வெச்சிருக்கறது கோழிப்பண்ணை இல்லீங்க, டைனோசர் பண்ணை.”

“எதுவா இருந்தா என்ன கண்ணு, முட்டை போடுதல்ல?”

“மெய்யாலுமேங்கப்பா. இன்னிக்கு அந்தப் பாடந்தான் நடத்தப் போறேன். ஆறரைக் கோடி வருசத்துக்கு முன்னாடி ஆகாசத்துல இருந்து ஒரு பெரும்பாறை வந்து உழுந்துச்சு. முக்கால்வாசி உசுரினம் அழிஞ்சுபோச்சு. பெரிய டைனோசரெல்லாம் போச்சு. றெக்கை வெச்ச சின்ன டைனோசர் சிலது மட்டும் எப்படியோ தாக்குப்பிடிச்சுது. அதோட வம்சந்தான் இந்தக் கோழி. நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் அன்னிக்கு எலியாட்டம் பொந்துக்குள்ள கெடந்தாங்க. பெருசுங்க போயி எடம் காலியாச்சு, மிஞ்சினது பெருகிருச்சு.”

“பூட்டன் எலின்னு உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத. எனக்குச் சோறு கெடைக்காது.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வீட்டுக்குள் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனைவி நல்லம்மாள் அடுப்படியில் சுருண்டு கிடந்தார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

நல்லம்மாளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கொஞ்ச காலமாகவே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. டாக்டரிடம் போகலாம் என்பார் நல்லம்மாள். “கோழிக்குக் கேக்கற மருந்து மனுசனுக்குக் கேக்காதா?” என்று மாதேஸ்வரன் அதே பவுடரை மோரில் கலக்கிக் கொடுப்பார். காய்ச்சல் விடும், உடனே நிறுத்திவிடுவார். மறுபடி வரும், மறுபடி மோர். மகளுக்கு இது தெரியாது.

நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி சிறுநீரகத்தில் ஏறி ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் டாக்டர் ஷஹர்பானு. ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நல்லம்மாளுக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது.

“மருந்து கேக்கலைங்க. எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வர நாளாகும், அதுவரைக்கும் இவங்க தாங்கணும். இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து குடுத்தீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க” என்று உடனே சொல்லிவிட்டார் மாதேஸ்வரன். பெற்ற மகள் பக்கத்தில் நிற்கும்போது கோழி மருந்து கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வார்? மானம் போகுமே!

டாக்டர் திரும்பி நடந்தார். கட்டிலில் நல்லம்மாள் மூச்சுக்குத் தவிப்பது தெரிந்தது. மாதேஸ்வரனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மானமாவது ஒன்றாவது!

“டாக்டரம்மா, நில்லுங்க! நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. கோழிக்குப் போடற பவுடரைத்தானுங்க குடுத்தேன். பல தடவை குடுத்துட்டேன்” என்று உடைந்தார். பண்ணைக்கு வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்திருந்த பவுடர் பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினார். அறிவுமதி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் பாக்கெட்டைப் படித்துப் பார்த்தார். “நல்லவேளை சொன்னீங்க. இந்த வகை மருந்தைத்தான் நானும் ஏத்திட்டிருந்தேன். இதை நிறுத்திட்டு வேற ஆரம்பிச்சுடறேன்” என்று வேகமாக உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் நல்லம்மாளின் நெற்றி வேர்த்தது. காய்ச்சல் இறங்கியது. கண் திறந்து புருஷனைப் பார்த்து, “ஏனுங்க, கோழிக்குத் தீவனம் வெச்சீங்களா?” என்றார். மாதேஸ்வரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பாடா என்றிருந்தது மனசுக்கு.

டெஸ்ட் முடிவும் வந்தது. பழைய மருந்து கேட்கவில்லை, இப்போது கொடுக்கிற மருந்து நன்றாகக் கேட்கிறது என்றார் டாக்டர்.

“மொதல்ல கேட்டுட்டுத்தானுங்களே இருந்துச்சு?” என்றார் மாதேஸ்வரன்.

“கிருமி எல்லாம் ஒண்ணுபோல இருக்காதுங்க. மருந்து விழுந்ததும் பெரும்பாலானது செத்துடும். எதுவோ சிலது தாங்கிக்கும். கண்டபடி குடுத்துக் குடுத்து நிறுத்தினா, அந்தச் சிலது...”

“எடம் காலியாயிருச்சுன்னு பெருகிரும்” என்று முடித்தார் மாதேஸ்வரன். மகளைப் பார்த்தார். “நீ சொன்ன பாடந்தான் கண்ணு. அன்னிக்கு ஆகாசத்துல இருந்து உழுந்துச்சு பாறை. இங்க நானே போட்டிருக்கேன், குத்துக் குத்தா.”

நல்லம்மாள் தேறி வீடு வந்த பிறகு மாதேஸ்வரன் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தீவனத்தில் எந்த மருந்தையும் கலக்கவில்லை. ஒரு காலை, பக்கத்துப் பண்ணை நாச்சிமுத்து இருமிக்கொண்டே வந்தார்.

“சளி உடமாட்டேங்குது பங்காளி. அந்தப் பவுடர் ஒரு குத்துக் குடு.”

“குடுக்க மாட்டேன். டாக்டரைப் பாரு. அவங்க மருந்து வேண்டாம்னா உட்டுரு. குடுத்தாங்கன்னா, சொன்ன நாள் வரைக்கும் தின்னு.”

“ஒரு குத்துல என்ன கொறைஞ்சு போச்சு? கிருமி அழிஞ்சா நல்லதுதானே?”

மாதேஸ்வரன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். நல்லம்மாள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“கேட்டுக்க நாச்சிமுத்து. நாம இப்படி நெனச்சப்பல்லாம் அள்ளித் தின்னா கிருமி அழியாது. அதுக்கு வெச்சிருக்கற மருந்துதான் ஒண்ணொண்ணா அழிஞ்சு போவும். அப்புறம் நம்ம ஊட்டுல ஒருத்தர் விழுந்தா, குடுக்கறதுக்குக் கையில ஒண்ணும் இருக்காது.”