இருபத்தஞ்சு வருஷக் கூரை

அந்தக் கூரை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வேல்ராஜுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

செம்பூரில் ஒரு பம்ப் கம்பெனியில் அவன் எலெக்ட்ரீஷியன். கம்பெனியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு இரண்டு வருஷமாகவே கேன்டீனில் ஓடிக்கொண்டிருந்தது. பழுதான மெஷினுக்குப் புதுசு வரவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களை ஒவ்வொரு கூட்டமாக அனுப்பிவிட்டார்கள். தாராவியிலிருந்து காலையில் சயானுக்கு நடந்து, குர்லாவில் ரயில் மாறி வரும்போதெல்லாம், இன்றைக்கு கேட் திறந்திருக்குமா என்ற யோசனைதான் அவனுக்கு.

அப்போதுதான் கார் நிறுத்துகிற மைதானத்தில் ஆட்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மைதானம் முழுக்க இரும்புத் தூண் நட்டு, மேலே சோலார் பேனல் பரப்பப்போகிறார்களாம். கீழே வண்டிக்கு நிழல், மேலே கரண்டு. கம்பெனி எலெக்ட்ரீஷியன் என்பதால் அந்த ஆட்களுக்குத் துணையாக வேல்ராஜைப் போட்டார்கள்.

போட்டது ஷ்யாமளா மேடம். மாட்டுங்காவிலிருந்து வருகிற அட்மின் மேனேஜர். பக்கத்தில் வேறு யாரும் இல்லாவிட்டால் அவனிடம் தமிழில்தான் பேசுவார்.

“மேடம், கம்பெனிய மூடப்போறதா எல்லாரும் சொல்லுதாவளே” என்று வேல்ராஜ் அன்றைக்குக் கேட்டேவிட்டான்.

“யார் சொன்னா? மூடற கம்பெனிக்காரா யாராவது இப்படிக் கூரை போடுவாளா வேல்ராஜ்? பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷம் காரண்டியாக்கும். நீங்களும் நானும் ரிட்டயர் ஆகி ஆத்துல உக்காந்துண்டிருப்போம், இது இங்கே நின்னுண்டிருக்கும்.”

இதைவிட வேறு என்ன வேண்டும்? வேல்ராஜ் அந்தப் பேச்சை அப்படியே கேன்டீனுக்குக் கொண்டுபோனான். டீ குடிக்கிற இடத்தில் சொன்னான், யூனிஃபார்ம் மாற்றுகிற இடத்தில் சொன்னான், திரும்புகிற ரயிலில் சொன்னான். தமிழில் சொன்னான், ஹிந்தியில் சொன்னான். சந்தேகப்பட்டவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தூணுக்குத் தோண்டிய குழியைக் காட்டினான். ஆள் உயரக் குழி. “போற கம்பெனியா இவ்வளவு ஆழத்துக்குத் தோண்டும்?” என்று கேட்டான். ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

அவன் மச்சினன் வெயிலுமுத்துவும் அதே கம்பெனியில்தான். லேத் ஓட்டுகிறவன். வேல்ராஜின் பெண்டாட்டி பூமாரிக்கு ஒரே தம்பி. ஊரிலிருந்து வந்ததும் அவனை உள்ளே சேர்த்துவிட்டதே வேல்ராஜ்தான். வெயிலுமுத்து கல்யாணமாகி, பெண்டாட்டி சுஷ்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் சீத்தா கேம்ப் குடியிருப்பில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மட்டும் தாராவிக்கு வந்தான்.

“அத்தான், சாக்கன்ல ஒரு கம்பெனில கூப்பிடுதாவ. தங்க ரூமும் தாராவளாம். நாளைக்குள்ள சொல்லணும்.”

மீன் கழுவிக்கொண்டிருந்த பூமாரி அப்படியே எழுந்து வந்தாள். “சாக்கனா? அது பூனாவத் தாண்டில்லா கெடக்கு? எனக்குன்னு இங்கன யாருல இருக்கா, நீயும் போயிட்டா?”

“பொழப்பப் பாக்கணும்லா எக்கா. இங்க நாளைக்கே மூடிட்டான்னா?”

வேல்ராஜ் சிரித்தான். “ஏல, கூறு இருக்கா ஒனக்கு? கண்ணு முன்னால தூண் ஏறிக்கிட்டிருக்கு. இருபத்தஞ்சு வருஷத்துக்குல போடுதான். மேடமே என்ட்ட சொல்லிட்டாவ. சும்மா காலிபீலி டென்ஷன் ஆவாத. பேசாம இரி.”

“நிச்சயமாத்தான் சொல்லுதீங்களா அத்தான்?”

“நாந்தான அங்கன நிக்கேன். எனக்குத் தெரியாதா?”

வெயிலுமுத்து போனைப் பாக்கெட்டில் போட்டான். பிறகு அக்கா வைத்த மீன்குழம்பை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனான். சாக்கனுக்கு அவன் போகவில்லை.

மழை வருவதற்குள் கூரை எழுந்துவிட்டது. கிரேன் தூக்கித் தூக்கி வைத்த உத்திரங்களின்மேல், கறுப்புக் கண்ணாடியாகப் பேனல்கள் வரிசைபிடித்துச் சாய்ந்து நின்றன. சீட்டில் உட்கார முடியாமல் கொதிக்கிற பைக்குகளெல்லாம் நிழலில் குளிர்ந்து கிடந்தன. வீட்டுக்குப் போகும்போது ஆட்கள் அண்ணாந்து பார்த்து, “க்யா பாத் ஹை, வேல்ராஜ்” என்று மெச்சி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், என்னவோ அவன் சொந்தச் செலவில் போட்ட பந்தல்மாதிரி.

அதற்குப் பிறகு சோலார் கம்பெனிக்காரர்கள் அவனைத் தங்கள் ஆபீசுக்கு ட்ரெயினிங் என்று கூப்பிட்டார்கள். மேடம் அனுப்பிவைத்தார். பேனலை எப்படிக் கழுவுவது, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்து, மஞ்சள் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் தந்து அனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் கேன்டீனுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். வெயிலுமுத்துதான் சத்தமாக விசிலடித்தான்.

அந்த மாதக் கடைசியில், ஷிப்ட் முடிகிற நேரத்தில் எல்லாரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். யாரும் பார்த்தறியாத ஒரு ஆள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றான். உற்பத்தி குஜராத்துக்குப் போகிறது என்றான். இடத்தை ஒரு குடோன் கம்பெனி வாங்கியிருக்கிறது என்றான். கொடுக்கவேண்டியதைச் சட்டப்படி கொடுத்துவிடுவோம் என்றான். பின்னாலிருந்து ஒருத்தன், “அப்போ அந்தக் கூரை?” என்று ஹிந்தியில் கேட்டான்.

“அது அவர்களுக்குத்தான். அவர்களுடைய வண்டிகளெல்லாம் சார்ஜில் ஓடுகிற வண்டிகள்.”

வேல்ராஜ் மஞ்சள் ஜாக்கெட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு முகமாக அவன் பக்கம் திரும்பியது. அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்தக் கேன்டீன் மின்விசிறிகளின் சத்தம் அவன் காதில் விழுந்தது.

வெளியே, கூரைக்கு அடியில், வெயிலுமுத்து அவனைப் பிடித்தான்.

“ஒமக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லும்.”

இத்தனை நாளும் அத்தான் அத்தான் என்று கூப்பிட்ட வாய் அது.

“எங்கம்மா சத்தியமாத் தெரியாதுல மாப்ள. மேடம் சொன்னாவ, நான் நம்புனேன்.”

“அப்பொ ட்ரெயினிங்குக்கு ஒம்மள மட்டும் எதுக்குக் கூப்பிட்டான்? இந்த ஜாக்கெட்ட ஒமக்கு மட்டும் எதுக்குத் தந்தான்? கடைசிவரைக்கும் ஆளு கலையாம ஆர்டர முடிச்சுக் குடுக்கணும்னுதான ஒம்மள விட்டுப் பேசச் சொன்னான்?”

சுற்றிலும் நின்றவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. வேல்ராஜ் ஜாக்கெட்டைக் கழற்றினான். கழற்றினதும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் ஷ்யாமளா மேடத்தின் அறைக்குப் போனான். அவர் ஒரு அட்டைப்பெட்டியில் சாமி படத்தையும் டிபன் டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“எனக்கும் தெரியாது வேல்ராஜ். சத்தியமாத் தெரியாது. மேல இருக்கறவா சொன்னதைத்தான் நான் சொன்னேன். என்னையும்தான் போகச் சொல்லிட்டா.”

“இத எம்மச்சினன்ட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்களா மேடம்? நான் சொன்னா நம்பமாட்டேங்கான்.”

மேடம் பெட்டியை மூடினார். “சொல்றேன். ஞாயித்துக்கிழமை வரேன். சீத்தா கேம்ப்தானே? கூட நீங்க வாங்கோ, எனக்கு வழி தெரியாது.”

ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஸ்டேஷன் வாசலில் வேல்ராஜ் காத்திருந்தான். வெயில் ஏறி, இறங்கியும்விட்டது; மேடம் வரவில்லை. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அதுவும் அடிக்கவில்லை. மேடம் சொன்னது நிஜமா பொய்யா என்று அவன் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்தான். அவர் முகத்தை நினைத்தால் நிஜம்மாதிரி இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற அந்த மாலையை நினைத்தால் பொய்மாதிரி இருந்தது.

அதற்குள் சோலார் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பேனலைக் கழுவிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, வந்துவிடு என்றார்கள்.

“வேண்டாம்னு சொல்லிருங்க” என்றாள் பூமாரி உடனே. “நீங்க மட்டும் அங்கன திரும்பப் போனா, அவன் சொன்னது உண்மன்னு ஆயிரும்லா.”

“ஆயிரும்.”

அவன் வேறு இடங்களுக்கு அலைந்தான். ஆண்டாப் ஹில், வடாலா, சாக்கிநாக்கா என்று ஒவ்வொரு கேட்டாகப் போய் நின்றான். அவன் வயதில் ஒரு எலெக்ட்ரீஷியன் யாருக்கும் தேவைப்படவில்லை. மகள் ஷாலினிக்கு நர்சிங் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. கடைசியில் ஒரு காலையில் பூமாரியே அந்த மஞ்சள் ஜாக்கெட்டைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு சோலார் கம்பெனிக்குப் போனான்.

அன்றைக்கே அவள் சீத்தா கேம்புக்குப் போனாள். தம்பி வீட்டில் இல்லை. சுஷ்மா வாசலிலேயே நின்றுகொண்டு, “அவங்க வந்தா சத்தம் போடுவாங்க அண்ணி” என்றாள். சாக்கனில் கேட்டுப் பார்த்தார்களாம், அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்களாம். உள்ளே பிள்ளைகள் அத்தை, அத்தை என்று கத்தின. சுஷ்மா அழுதுகொண்டேதான் கதவைச் சாத்தினாள்.

மழை ஓய்ந்தபிறகு பம்ப் கம்பெனி இருந்த கட்டிடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் குடோன் ஆக்கினார்கள். வெள்ளை டெலிவரி வேன்கள் வந்து கூரைக்கடியில் வரிசையாக நின்று, தூணிலிருந்து வரும் வயரைச் செருகிக்கொண்டன. வேல்ராஜ் மேலே ஏறிப் பைப்பைப் பிடித்து, நீளக் கம்பில் கட்டிய பிரஷால் காக்கை எச்சத்தையும் கரிப்புழுதியையும் தேய்த்துத் தள்ளுவான். பேனல்கள் சூட்டில் தகிக்கும். கீழே எல்லாருக்கும் நிழல்.

பழைய ஆட்களில் சிலருக்கு ஏஜென்ட் மூலம் அங்கேயே வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. அவர்கள் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் வெயிலுமுத்துவும் வந்தான். லேத்தில் நின்று நின்று முன்னால் வளைந்த தோளை மேலேயிருந்தே வேல்ராஜுக்குத் தெரிந்தது. உச்சி வெயில். கூரைக்கடியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. வெயிலுமுத்து மேலே பார்த்தான். பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மதிலோரம் வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினான். சூப்பர்வைசர் ஹிந்தியில் கத்தினான், நிழலில் போடு, பார்சல் கெட்டுப்போகும் என்று. அவன் அசையவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வேல்ராஜ் பைப்பை மூடிவிட்டு ஏணியில் இறங்கினான். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் போய் நின்றான்.

“மாப்ள.”

வெயிலுமுத்து அவன் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் திருகினான்.

“மாப்ள, அக்கா ஒன்ன நெனச்சு சோறே திங்க மாட்டேங்கால. என்ன விடு. அவள ஒருதடவ வந்து பாரு.”

“பாய்சாப், ஜரா ஹட்டோ” என்றான் வெயிலுமுத்து ஹிந்தியில். “காடி நிகால்னா ஹை.”

வண்டியை எடுக்கணும், கொஞ்சம் நகருங்கள் என்று வழியில் நிற்கிற யாரோ ஒருத்தனிடம் சொல்கிற குரல்தான். அதில் கோபம்கூட இல்லை. வேல்ராஜ் நகர்ந்தான். வேன் சத்தமில்லாமல் அவனைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மாஹுல் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது. இன்னும் நாலு வரிசை கழுவப் பாக்கி இருந்தது. ஏறிப்போய்க் கழுவினான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பூமாரி தினமும் கேட்கிறதைக் கேட்டாள்.

“இன்னைக்காச்சும் நம்மாளு யாரையும் பாத்தியளா?”

வேல்ராஜ் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“யாரும் வரல” என்றான்.