வாய்க்காலுக்கு ஒரே விதி

அனோஜன் கெட்டிக்காரன் என்று அவனைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிளிநொச்சியில் எங்கள் கணினி அலுவலகத்துக்கு அவன்தான் முதலாளி. உருத்திரபுரம் பக்கத்தில் ஒரு வாய்க்காலின் விவசாயிகளுக்கு, கோடை நெல்லான சிறுபோகத்துக்கு யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறையைக் கைபேசியில் சொல்லும் செயலி ஒன்றை அவன் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியில் எழுதினான். கூட்டங்களில் பெருமையடிக்க அந்தப் பெயர் அவனுக்குத் தேவைப்பட்டது.

செயலி வந்த மறுநாள் கமலாட்சி அக்கா வந்தார். வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது.

"தம்பி, பேரைப் பதிஞ்சேன். இப்ப தேடினா அப்படி ஆளே இல்லைங்குது. பயிரு குடலைக்கு வந்திருச்சு, கதிர் வர்ற நேரம். தண்ணி இல்லாட்டி எல்லாம் மணியில்லாத சப்பியாப் போயிரும்."

"நீங்கள் பிழையா அமத்தியிருப்பியள், அக்கா," என்றான் அனோஜன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவரை இருக்கச் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. நான் கதிரை போட்டுவிட்டு அவன் எழுதியதைத் திறந்தேன்.

இரண்டு வயல்களில் எது முந்தியது என்பதற்கு ஒரு விதிதான் இருக்கவேண்டும் என்பது அந்த மொழியின் ஒழுங்கு. இந்த மகாராசன் இரண்டு எழுதியிருந்தான். பதியும் கோப்பில் கடைசி வயல் முதல், தேடும் கோப்பில் வாய்க்கால் தொடங்கும் இடத்துத் தலைப்பு வயல் முதல். இரண்டும் ஒரே கோப்பில் இருந்திருந்தால் மொழியே மறுத்திருக்கும். ஒரு விதிப்படி அடுக்கிய பெயர்களை எதிர்விதிப்படி நடுவிலிருந்து தேடினால், வலப்பக்கம் இருப்பவரை இடப்பக்கம் தேடிவிட்டு இல்லை என்றுதான் சொல்லும். தலைப்பு வயல்காரரும் இப்படித் தொலைந்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் அவர்கள் வயலைத் தாண்டித்தான் போகிறது, அவர்கள் ஏன் தேடப் போகிறார்கள்?

"ஏன் ரெண்டு விதி?" என்று கேட்டேன்.

"விவசாயிகள் கூட்டத்தில கடைசி வயலுக்கு முதல் எண்டு முடிவெடுத்தவை. பிறகு அப்பா வந்து தலைப்புக்கு முதல் எண்டார். ரெண்டு பக்கத்தையும் பகைக்கேலாதே, வினோஜா."

அவன் அப்பாவின் வயல் தலைப்பில் இருக்கிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒரு விதிதான் இருக்கலாம். ஒண்டை அழியுங்கோ."

அழித்தான். பெயர்களைப் புதிதாக அடுக்கி, அக்காவின் கைபேசியில் தேடிக் காட்டினான். பெயர் வந்தது.

"பாருங்கோ, இருக்கிறியள்."

"தண்ணி எப்ப, தம்பி?"

"மேல, தலைப்பில இருந்து எல்லாரும் எடுத்தாப்பிறகு."

கமலாட்சி அக்கா கைபேசியை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

"இப்ப ஒரு பிழையும் இல்லைத்தானே?" என்று அனோஜன் கேட்டான்.

"இல்லை," என்றேன். "அவான்ர வயல் காயும் எண்டதை இனி எந்தக் கோப்பில கேட்டாலும் ஒரே மாதிரித்தான் சொல்லும்."