பெரியத்தானின் சேவல்

அன்று இருபத்தோராம் நாள். நசாம்புவின் அடைக்கோழிக்குக் கீழே பன்னிரண்டு முட்டைகள். இரண்டில் ஓடு விரிசல் விட்டு, உள்ளேயிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. அவளிடம் மிஞ்சியது அந்த ஒரு பெட்டைதான். போன வருஷம் முப்பது கோழிகளும் ஒரே வாரத்தில் கழுத்துத் திருகி, பச்சையாய்க் கழிந்து செத்தன. நோயைக் கொண்டுவந்தது கணவனின் அண்ணன் மக்கோக்கா கொடுத்த சேவல்.

இந்தப் புங்கோமா வட்டாரத்து ஆட்களுக்கு அப்படி ஒரு கேடுகெட்ட புத்தி உண்டு. தங்கள் முற்றத்தில் கழிச்சல் நோய் நுழைந்தால், இன்னும் நிற்கிற கோழியைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரன் வீட்டுக்குப் போவார்கள். கோழியும் வீணாகாது, நல்ல பேரும் கிடைக்கும். வந்த கோழியை வேண்டாம் என்றால் உறவே முறிந்தது.

வாசலில் மக்கோக்கா நின்றான். அக்குளில் ஒரு சிவப்புச் சேவல். அதன் இறக்கை தொங்கியது.

"தம்பி பொண்டாட்டிக்குக் கொண்டாந்தேன். வாங்கிக்கம்மா."

"உங்க முற்றத்துல எத்தனை செத்துச்சு, அத்தான்?"

"வாய் நீளுதுடி உனக்கு."

நசாம்பு மறுக்கவில்லை. வெளியே வந்து இரு கையாலும் வாங்கினாள். வாங்கிய இடத்திலேயே, வெட்டுக்கத்தியால் தலையைச் சீவினாள். ரத்தம் அவன் செருப்பில் அடித்தது. வயிற்றைக் கிழித்து, இரைப்பையைப் பிடுங்கிப் பிளந்து நீட்டினாள். அதன் வாயோரம் முழுக்க ரத்தப் புள்ளிகள், கழிச்சலின் அடையாளம்.

"இரைப்பை மூத்த ஆம்பளை பங்குதானே? பச்சையாவே தின்னுங்க."

அறை விழுந்தது. அவள் உதடு கிழிந்தது. வீட்டுப்படியில் இருந்த கணவன் சிட்டுமா எழுந்து நின்றான், அவ்வளவுதான். போன வருஷமும் அவன் இப்படித்தான் நின்றான், பாவி மனுஷன்.

"உன் அடைக்கோழியை மிதிச்சே கொல்றேன் பாரு," என்று மக்கோக்கா வாசலுக்குள் ஒரு கால் வைத்தான். நோய்க்கூட்டில் நடந்த செருப்பு. நசாம்புவுக்கு அந்தச் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. கத்தியை வீசினாள். கெண்டைக்கால் சதை பிளந்தது. அவன் வெளிப்பக்கமாய்ச் சாய்ந்து விழுந்தான்.

"தம்பி, என் காலை வெட்டிட்டாடா. உள்ள தூக்கிட்டுப் போ."

சிட்டுமா அடுப்படிக்குப் போய்க் கூடை நிறையச் சாம்பல் கொண்டுவந்தான். அண்ணன் காலைப் பார்த்தான். மண்ணில் கிடந்த இரைப்பையைப் பார்த்தான். நோய் உள்ளே தாண்டாமலிருக்க வாசலில் குறுக்கே சாம்பலைக் கொட்டினான்.

"அண்ணே, நீ உள்ள வராத."

பத்து வருஷத்தில் முதல் தடவை நசாம்புவுக்காகப் பேசியிருக்கிறான். அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

"நீயும்தான்," என்றான் சிட்டுமா. "கை பூரா அந்தச் சேவல் ரத்தம். அங்கயே இரு. தண்ணியும் வேற துணியும் கொண்டாரேன். குஞ்சை நான் பாத்துக்கறேன்."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு வலித்தது. இருபத்தொரு நாள் காத்திருந்தது இவள். முதல் குஞ்சைப் பார்க்கப்போவது அவன். அவள் மக்கோக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தலைத்துணியைக் கிழித்து அவன் காலைக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

உள்ளேயிருந்து சிட்டுமாவின் குரல் வந்தது. "ஒண்ணு வெளிய வந்துடுச்சு."

"எத்தனை முட்டை வச்ச?" என்று முனகினான் மக்கோக்கா.

"பேசாம காலை நீட்டுங்க அத்தான்," என்று முடிச்சை இறுக்கினாள்.